கொல்லிமலைக்குக் குடும்பத்தோடு போக விரும்புகிறோம்: ஒரு நாள் போதுமா, தங்க வேண்டுமா?

கேள்வி (திருப்பூரிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். பனியன் தொழிலில் இருக்கிறோம். சேர்ந்தாற்போல் நான்கு நாள் விடுமுறை கிடைப்பதே எங்களுக்கு அரிது. வழக்கமாக உதகைக்குத்தான் போவோம். 2024 மே மாதத்திலிருந்து அங்கே இ-பாஸ் எடுக்க வேண்டியிருப்பதைச் சிரமமாக நினைக்கவில்லை. ஆனால் சென்ற முறை மலைப்பாதையில் வண்டிகளின் வரிசையிலேயே எங்களுக்கு அரை நாள் கழிந்துவிட்டது. 9 வயதும் 13 வயதுமான பிள்ளைகள் இருவரும் காட்டுக்குள் நடக்க வேண்டும் என்கிறார்கள். வால்பாறையையும் நினைத்துப் பார்த்தோம். யானை நடமாடும் புலிகள் காப்பகத்தில் நம் விருப்பத்துக்கு இறங்கி நடப்பது முறையன்று என்பதால் அதை விட்டுவிட்டோம். என் தாயாருக்கு 66 வயது, முழங்கால் வலி உண்டு. ஆடிப்பெருக்கின்போது போகலாமா, பொங்கல் விடுமுறையில் போகலாமா? ஆகாய கங்கை அருவிக்கு அம்மாவால் இறங்க முடியுமா?

மறுமொழி 1 (ராசிபுரத்திலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ஐயா, மலைமேல் பள்ளியில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். காலையில் ஏறி, அருவி, கோயில், படகு இல்லம், காட்சிமுனை என்று ஓடி ஓடிப் பார்த்துவிட்டு மாலையில் இறங்கிவிடுவதுதான் பெரும்பாலோர் வழக்கம். அப்படிப் போனால் கொல்லிமலையைப் பார்த்ததாகவே ஆகாது. குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள்.

இது உதகையைப் போல நகரமாக வளர்ந்த மலையன்று. கடல்மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில், வளப்பூர் நாடு, அரியூர் நாடு, வாழவந்தி நாடு என்று நாடு நாடாகப் பிரிந்து கிடக்கும் சிற்றூர்களின் தொகுப்பு. இங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தாரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது இவர்கள் வாய்மொழியாகச் சொல்லிவரும் கதை. பிள்ளைகள் கேட்கும் காட்டு நடை உண்மையில் இந்த ஊர்களுக்கு இடையிலான ஒற்றையடிப் பாதைகளில்தான் இருக்கிறது. சவுக்கு மரத்தைப் போல நெட்டையாக நிற்கும் சில்வர் ஓக்கிலும் பலா மரத்திலும் மிளகுக்கொடி சுற்றி ஏறியிருக்கும். அதன் நிழலில் காப்பிச் செடி. அதைத் தாண்டினால் சரிவில் சாமையும் கேழ்வரகும் விளையும் துண்டு நிலங்கள். சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்காக மரவள்ளி பரவியதில் சாமைக் காடுகள் குறைந்துபோயின என்பது எனக்குத் தீராத வருத்தம். தங்கும் ஊரிலேயே ஒருவரை வழிகாட்டியாக அழைத்துக்கொண்டு, அவருக்கு ஒரு நாள் கூலியை மனமுவந்து கொடுங்கள். யானைக் காடு இல்லை என்றாலும் கரடியும் பாம்பும் உள்ள மலை; தனியாகப் பாதை தேடக் கூடாது.

ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்குவதைக் காட்டிலும் ஏறுவது பெரும்பாடு. நல்ல முழங்கால் உள்ளவர்களுக்கே கெண்டைச் சதை இரண்டு நாள் பிடித்துக்கொள்ளும். அம்மா மேலே அறப்பளீஸ்வரர் கோயிலில் இருக்கட்டும். அவருக்காக மாசிலா அருவிக்கு ஒரு நாள் போங்கள், அங்கே படிகள் குறைவு. ஆடி 17, 18 தேதிகளில் வல்வில் ஓரி விழாவும் ஆடிப்பெருக்கும் சேர்ந்து வருவதால் மலை நிறையக் கூட்டம் இருக்கும். விழாவைப் பார்ப்பதற்கென்றே போனால் நல்லது, அமைதியைத் தேடிப் போனால் பொங்கல்தான் சரி. ஐப்பசி கார்த்திகை மழையின் நீர் அருவியில் அப்போதும் இருக்கும், வாசல்தோறும் மிளகு காயும், குளிரும் நன்றாக இருக்கும்.

மறுமொழி 2 (நாமக்கல்லிலிருந்து, வாடகை வண்டி ஓட்டுபவர்)

வண்டி ஓட்டுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். சாலை குறுகலானது. ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். சென்ற ஆண்டு இறங்கும்போது, முன்னால் போன காரிலிருந்து கருகிய நாற்றம் வந்தது. நிறுத்திப் பார்த்தால் முன்சக்கரத்தில் புகை. வழி நெடுகப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்திருக்கிறார் அந்தத் தம்பி. என் வாத்தியார் எனக்குச் சொன்னதையே அவருக்கும் சொன்னேன்: "ஏறுன கியர்லயே எறங்கோணுங்க." இரண்டாவது கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுங்கள். தலைசுற்றல் உள்ள பிள்ளைகளை முன் இருக்கையில் அமர்த்துங்கள். ஓட்டப் பழக்கமில்லாவிட்டால் நாமக்கல்லிலிருந்து அரசுப் பேருந்தில் ஏறிவிடலாம்.

மறுமொழி 3 (மலையிலிருந்து)

நான் செம்மேட்டுக்குப் பக்கத்து ஊர்க்காரி. எங்கள் ஊருக்கு வருகிறவர்களிடம் சில வேண்டுகோள்கள் உண்டு. எங்கள் ஊர்களில் கோயில் காடு என்று விட்டுவைத்திருக்கும் சோலைகள் இருக்கின்றன. அங்கே நாங்கள் சுள்ளிகூட ஒடிக்க மாட்டோம். செருப்பைக் கழற்றிவிட்டு, கூட வருபவர் சொல்லும் எல்லையோடு நின்றுகொள்ளுங்கள். களத்தில் வேலை செய்யும் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். கேட்டால் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வோம்.

கோயில் பக்கம் முடவாட்டுக்கால் கிழங்கு விற்பதைப் பார்ப்பீர்கள். ஆட்டுக்கால் போலப் பழுப்பு மயிர் போர்த்தியிருக்கும். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளர்வது. அந்த மயிரைக் கத்தியால் சுரண்டிவிட்டு, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு தட்டிச் சாறு வைப்போம். உங்கள் அம்மா அந்தக் குளிருக்கு ஒரு குவளை குடித்துப் பார்க்கட்டும். ஆனால் முழங்கால் வலியே தீர்ந்துவிடும் என்று சொல்பவர்களை நம்பி மூட்டையாக வாங்கிப் போக வேண்டாம், அவர் மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். பாறைகளில் இருந்து அளவுக்கு மீறிப் பெயர்த்தெடுப்பதால், எங்கள் பாட்டி காலத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த கிழங்கு இப்போது தொலைவுக்குப் போய்விட்டது. மிளகும் மலை வாழைப்பழமும் சோளக்காட்டுச் சந்தையில் வாங்குங்கள்; அந்தப் பணம் எங்களுக்கே வரும்.

கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. பொங்கல் என்று முடிவு செய்துவிட்டோம். இரண்டு இரவு தங்குகிறோம், காணும் பொங்கல் கூட்டத்துக்கு முன்பே இறங்கிவிடுகிறோம். அம்மாவிடம் படிக்கட்டுக் கணக்கைச் சொன்னேன். நீங்கள் எல்லாரும் போய்விட்டு வாருங்கள், நான் கோயிலில் இருந்துகொள்கிறேன் என்று அவரே சொல்லிவிட்டார். சகோதரி, உங்கள் பக்கத்தில் தங்கும் வீடும் வழிகாட்ட ஒருவரும் கிடைப்பார்களா என்று தனிச்செய்தியில் கேட்டிருக்கிறேன்.