அம்புக்குறி திரும்புது, பட்டியல் அசையலை: பயனர் கேட்கும் ஃபீல்டில் சார்ட் செய்த அனுபவங்கள்

பின்தளவாசி:
மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ். இன்வாய்ஸ் பட்டியலில் ‘தொகை’ தலைப்பை அழுத்தினால் அம்புக்குறி மட்டும் திரும்புது, பதிவுகள் அப்படியே நிக்குது. எரர் கிடையாது, லாகும் சுத்தம். குவெரியில், அதாவது டேட்டாபேஸுக்கு அனுப்பும் கட்டளையில், வரிசையைச் சொல்லும் இடத்தில் ‘ஆர்டர் பை ?’ என்று வைத்து, ஃபீல்டு பெயரை அந்தக் கேள்விக்குறிக்குப் பேராமீட்டராக அனுப்பியிருக்காங்க. பேராமீட்டரில் மதிப்பு மட்டும்தான் போகும். ஆக எல்லாப் பதிவுக்கும் ‘தொகை’ என்ற ஒரே சொல். அதில் எதை முன்னே வைப்பது, எதைப் பின்னே வைப்பது? போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸிலும் இதே மௌனம். எஸ்கியூஎல் சர்வர் தேவலை, வேரியபிள் வைத்தால் 1008 எரரை மூஞ்சியிலேயே எறியும்.

அரைப்புள்ளி:
பேராமீட்டராக பைண்ட் ஆகலைன்னு, பயனர் அனுப்பிய ஸ்டிரிங்கையே குவெரியில் ஒட்டினால் அதைவிடக் கேடு. யூஆர்எல்லில் சார்ட் மதிப்பாக வந்து உட்கார்ந்தது ஒரு கேஸ் வென் (‘இப்படியென்றால் இது, இல்லாவிட்டால் அது’ எனும் எஸ்கியூஎல் நிபந்தனை): அட்மினின் பாஸ்வேர்டு ஹாஷில் (பாஸ்வேர்டை உருமாற்றிச் சேமித்த வடிவம்) முதல் எழுத்தின் ஆஸ்கி எண் 97 என்றால் ஐடி வாரியாக, இல்லாவிட்டால் தேதி வாரியாக. பட்டியல் எந்த வரிசையில் வருதுன்னு பார்த்தே ஹாஷை எழுத்தெழுத்தாக உருவிடலாம். மேற்கோள்குறியை எஸ்கேப் செய்து பயனில்லை, இதில் மேற்கோள்குறியே கிடையாதே.

இடதுஜாயின்:
ஒட்டவே வேண்டாம், குவெரிக்குள்ளேயே கேஸ் வென் எழுதலாம். ஒரே இடத்தில்தான் கடிக்கும். எஸ்கியூஎல் சர்வரில் பெயரையும் முழு எண்ணான தொகையையும் ஒரே கேஸில் போட்டால், தொகையில் சார்ட் ஒழுங்காக ஓடும். பெயரை அழுத்தினதும் கன்வர்ஷன் எரர். இரண்டில் முன்னுரிமை உள்ள டைப் எண் என்பதால் முழு கேஸும் எண்ணாகிவிடும். ஃபீல்டுக்கு ஒரு கேஸ் என்று பிரித்துக் கமா போட்டால் தீர்ந்தது.

பின்தளவாசி:
@இடதுஜாயின் தீராது ப்ரோ. கேஸுக்குள் போன ஃபீல்டுக்கு இன்டெக்ஸ் (டேட்டாபேஸ் முன்கூட்டியே அடுக்கி வைத்த பட்டியல்) உதவாது. 20 பதிவு காட்டவும் டேபிள் முழுக்கச் சார்ட் ஆகும். கோடில் ஒரு மேப் போதும்: ‘தொகை’ வந்தால் இந்த ஃபீல்டு, ‘தேதி’ வந்தால் அந்த ஃபீல்டு, வேறெது வந்தாலும் டீஃபால்ட். ஏறுவரிசை, இறங்குவரிசைக்கும் இதே கட்டுப்பாடு. பலர் ஃபீல்டைப் பூட்டிவிட்டுத் திசையைத் திறந்து விட்டுடறாங்க.

நல்_அல்ல:
இரண்டாம் பக்கத்தில் முதல் பக்கத்து இன்வாய்ஸே மறுபடி வந்தது, வேறொன்று எந்தப் பக்கத்திலும் இல்லை. ஒரே தொகையில் நிறைய பதிவு இருந்ததுதான் காரணம். யாரும் கேட்கலை, இருந்தாலும் சொல்றேன். ஆர்டர் பை கடைசியில் எப்போதும் ஐடியைச் சேருங்க. இன்டெக்ஸும் ‘தொகை, ஐடி’ என்று இரண்டும் சேர்த்து. தொகை இறங்குவரிசை என்றால் ஐடியும் இறங்குவரிசை; அப்போதான் அதே இன்டெக்ஸைப் பின்பக்கமிருந்து படிக்கும். நல் (காலி) மதிப்பு போஸ்ட்கிரெஸ் ஏறுவரிசையில் கடைசி, மைஎஸ்கியூஎல்லில் முதல். டேட்டாபேஸ் மாற்றும் திட்டம் இருந்தால் வெளிப்படையாக எழுதிடுங்க: போஸ்ட்கிரெஸில் ‘நல்ஸ் லாஸ்ட்’, மைஎஸ்கியூஎல்லில் ‘தொகை ஈஸ் நல், தொகை’. அப்புறம் தமிழ்ப் பெயர்கள். போஸ்ட்கிரெஸில் ‘சி’ எனும் கொலேஷன் (எழுத்துகளை அடுக்கும் விதி) யூனிகோட் எண்படி அடுக்கும், அதில் ன, ல-வுக்கு முன்னாடி. மனோகரன் மலர்விழியைத் தாண்டி மேலே நிப்பார். ஐசியு என்ற மொழி நூலகத்தின் தமிழ் விதியான ‘டிஏ-எக்ஸ்-ஐசியு’ கொலேஷன் போட்டால் அகராதி வரிசை.

அரைப்புள்ளி:
@நல்_அல்ல குவெரியில் மட்டும் கொலேஷன் போட்டால் பழைய இன்டெக்ஸ் அந்தச் சார்ட்டுக்கு ஆகாது. அதே கொலேஷனில் தனி இன்டெக்ஸ் வேணும். ஐசியு பதிப்பு மாறி, கொலேஷன் வெர்ஷன் பொருந்தலைன்னு வார்னிங் வந்தால் முதலில் ரீஇன்டெக்ஸ் (இன்டெக்ஸை மறுபடி கட்டுவது), பிறகுதான் ரெஃப்ரெஷ் வெர்ஷன் (புது வெர்ஷனைப் பதிவது). மாற்றிச் செய்தால் வார்னிங் மறைஞ்சிடும், கெட்ட இன்டெக்ஸ் அப்படியே கிடக்கும்.