பின்னாடி எஞ்சின் டீசல் மோட்டார்ஹோம்: கூலன்ட் ஓஸ் மொத்தமா மாத்தணுமா, கசியறத மட்டும் மாத்தினா போதுமா?

டல்லாஸ்_நாடோடி:

வணக்கம் மக்களே. போன வருஷம் ஒரு 2002 மாடல் மோட்டார்ஹோம் செகண்ட்ஹேண்ட்ல வாங்கினேன், 38 அடி நீளம், பின்னாடி எஞ்சின், கம்மின்ஸ் ஐஎஸ்சி 8.3, ரேடியேட்டரும் பின்பக்கமே. நான் ஐடி ஆளு, ஸ்பேனர் புடிக்கத் தெரியும், அதுக்கு மேல கேக்காதீங்க.

விஷயம் என்னன்னா ஜூன்ல குடும்பத்தோட கொலராடோ கிளம்பினோம். அமரில்லோ தாண்டுற வரைக்கும் ஒண்ணும் இல்ல, ராட்டன் பாஸ் மலை ஏத்தத்துல எஞ்சின் சூட்டு மீட்டர் 195 டிகிரி ஃபாரன்ஹீட்ல இருந்து மெதுவா ஏறி 215-ஐ தொட்டுச்சு, பயந்துபோய் கியரை இறக்கி உருட்டிக்கிட்டே மேல ஏத்திட்டேன். மேல நிறுத்திட்டு பின்னாடி போய் பாத்தா, கட்டி இழுத்துட்டு வந்த காரோட முன்கண்ணாடி முழுக்க ஏதோ பிசுபிசுன்னு பனி புடிச்ச மாதிரி படிஞ்சிருக்கு, தொட்டு மோந்தா பாகு வாசனை. பொண்ணு "அப்பா யாரோ ஜிலேபி சுடுறாங்க"ங்குறா. கூலன்ட்தான், எஞ்சின குளுப்பிக்கிற தண்ணி!

வீட்டுக்கு வந்தப்புறம் ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினேன், எல்லா ஓஸும் மாத்தணும் 5,200 டாலர்னு எழுதிக் கொடுத்துட்டாங்க, எது கசியுதுன்னு கேட்டா "எல்லாமே பழசு சார்" அவ்ளோதான் பதில். நானே கீழ படுத்து பாத்ததுல ஓஸ் எல்லாம் வெளிய இருந்து பாக்க நல்லாத்தான் இருக்கு, வெடிப்பு கிடிப்பு இல்ல. காலைல மட்டும் எஞ்சினுக்கு கீழ நாலஞ்சு சொட்டு கெடக்கும், வண்டிய ஓட்டிட்டு வந்து நிறுத்தினா சொட்டே இல்ல. நானே மாத்தலாம்னு இருக்கேன். சிலிகான் ஓஸா ரப்பரா? முன்னாடி டாஷ் ஹீட்டர் வரைக்கும் போற 35 அடி ஓஸையும் மாத்தணுமா? பைப்பு எல்லாம் இரும்பு, அதுங்க கிடக்கட்டும்ல?

நாமக்கல்_ஸ்பேனர்:

தம்பி வணக்கமுங்க. மோட்டார்ஹோம் நான் போட்டோலதான் பாத்துருக்கேன், ஆனா 26 வருசமா லாரி எஞ்சின் பாக்குறேன், கம்மின்ஸும் ஓட்டலாம் லேலண்டும் ஓட்டலாம் தண்ணி ஓடுற வழி எல்லாத்துலயும் ஒண்ணுதானுங்க.

காலைல சொட்டும், சூடானா நிக்கும்னு சொன்னீங்க பாருங்க, அதுலயே பாதி விடை இருக்கு. சூட்டுல ஓஸும் பைப்பும் உப்பி கிளாம்புக்குள்ள இறுகிக்கும், குளுந்துட்டா சுருங்கி இடைவெளி விட்டுரும், அப்ப சொட்டும். அது ஓஸ் கிழிஞ்சதால இல்லீங்க, ஓஸ் உக்கார்ற இடம் சரியில்ல. நான் பந்தயம் கட்டுறேன், பைப்பு முனையில துரு தின்னுருக்கும். ஓஸுக்கு உள்ள மறைஞ்சிருக்குற அந்த ரெண்டு இன்ச்ச யாரும் பாக்க மாட்டாங்க, ஓஸ கழட்டினா பாத்தீங்கன்னா அம்மைத்தழும்பு மாதிரி குழி குழியா இருக்கும். அதுமேல தங்க ஓஸு போட்டாலும் ஒழுகத்தான் செய்யும். அதனால "பைப்பு கிடக்கட்டும்"ங்கிற பேச்சே வேண்டாமுங்க.

கழட்டும்போது ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பாதீங்க, பைப்புல கீறல் விழுந்தா அதுவே புது ஒழுக்கு. பழைய ஓஸ எப்படியும் தூக்கிதான் போடப்போறீங்க, நீளவாக்குல கத்தி போட்டு கிழிச்சு வாழைப்பழத் தோல் மாதிரி உரிச்சு எடுங்க. புதுசு ஏத்தும்போது நுழையலைன்னு கிரீஸ், ஆயில் தடவாதீங்க, ரப்பரு ஊறி கெட்டுப்போகும். பாத்திரம் கழுவுற சோப்புத்தண்ணி ரெண்டு சொட்டு போதுமுங்க.

ஸ்காபரோ_ட்ரக்கன்:

அண்ணை சொன்னது முழுக்கச் சரி. நான் 18 வருசமா ஒன்டாரியோவில ட்ரக் ஓடுறன், சூ செயின்ட் மரீயில இருந்து தண்டர் பே வரைக்கும் ஹைவே 17-இல மைனஸ் 30-இல ஓடிப்பாத்தால்தான் உந்த குளிர்க் கசிவு எண்டால் என்னெண்டு வடிவா விளங்கும்.

சிலிகானோ ரப்பரோ எண்டு கேட்டனீங்கள். சிலிகான் சூட்டுக்கு நல்லாத் தாங்கும், நெடுங்காலம் கிடக்கும், விலையும் ரெண்டு மூண்டு மடங்கு. ஆனால் சாதாரணப் பல்லு வெட்டின கிளாம்பைப் போட்டு இறுக்கினால், அந்தப் பல்லு ஓட்டைக்குள்ளால சிலிகான் பிதுங்கி வெட்டுப்படும். பிறகு குளிருக்குள்ள ஒழுகும், நீங்கள் திரும்ப இறுக்க, அது இன்னும் வெட்டுப்பட, இப்பிடியே போகும். சிலிகான் போடுறதெண்டால் உள்பக்கம் வழுவழுப்பான தகடு வைச்ச கிளாம்பு, ஸ்க்ரூவுக்குப் பக்கத்தில வில்லுத்தட்டு அடுக்கின கான்ஸ்டன்ட் டார்க் வகை, அதுதான் வாங்க வேணும். ஓஸ் உப்பேக்க விட்டுக்குடுக்கும், சுருங்கேக்க தானே இறுக்கும். ரப்பர் ஓஸுக்கும் நான் அதைத்தான் போடுறன். கேட்ஸ் கிரீன் ஸ்ட்ரைப் மாதிரி ஹெவி டியூட்டி ரப்பர் உங்கட ஓட்டத்துக்குத் தாராளம்.

இன்னொண்டு, வெளியில வெடிப்பில்லை எண்டு நம்பி ஏமாறாதேங்கோ. ஓஸ் செய்யிற இந்த ஈபிடிஎம் ரப்பர் உள்ளுக்குள்ள இருந்துதான் பழுதாகிறது, கூலன்டும் இரும்பும் சேர்ந்து ஒரு பற்றரி மாதிரி வேலை செய்து மெல்லிய மெல்லிய கீறல் விழும், அதுவும் முனையில இருந்து ரெண்டு இன்ச்சுக்குள்ள. எஞ்சின் ஆறினாப் பிறகு கிளாம்புக்குக் கிட்ட ரெண்டு விரலால அமத்திப் பாருங்கோ, பிறகு நடுவில அமத்துங்கோ. கிளாம்படி மெத்தெண்டு பள்ளம் மாதிரி உணர்ந்தால் அந்த ஓஸ் முடிஞ்சுது.

சக்கரக்காரி_ஃப்ரெஸ்னோ:

நாங்களும் பின்னாடி ரேடியேட்டர் வண்டிதான், 2001, வீட்டுக்காரரும் நானும் போன வருஷம் இதே வேலைய செஞ்சோம், ரெண்டு வாரக்கடைசி போச்சு. யாரும் சொல்லாத ஒண்ணு சொல்றேன். உங்க ஏத்தத்துல சூடேறினதுக்கு ஓஸ் மட்டும் காரணமா இருக்காதுன்னு நெனைக்கிறேன். படுக்கைக்கு கீழ இருக்குற மூடிய தூக்கி, டார்ச் அடிச்சு, ரேடியேட்டரோட ஃபேன் பக்கத்த பாருங்க. எஞ்சின்ல இருந்து ஒரு ப்ரீதர் டியூப் தொங்கும், அதுல வர்ற எண்ணெய்ப் புகைய ஃபேன் இழுத்து நேரா அங்கதான் அடிக்குது, அதுமேல ரோட்டுத் தூசி ஒட்டி நம்ம ஊர் ஓட்டல் சமையக்கட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் மாதிரி ஆயிடும். ரேடியேட்டருக்கு முன்னால சார்ஜ் ஏர் கூலர் (டர்போ காத்த குளுப்பிக்கிறது) வேற நிக்குது, ரெண்டுக்கும் நடுவுல சேர்ற அழுக்கு வெளிய இருந்து தெரியவே தெரியாது. எங்களுக்கு சிம்பிள் கிரீன் (எண்ணெய் அழுக்கு எடுக்குற திரவம்) ஊத்தி ஊறவச்சு, எஞ்சின் பக்கம் இருந்து தோட்டத்து பைப்பால (பிரஷர் வாஷர் வேணாம், தகடு மடங்கிடும்) மூணு தடவ கழுவினப்ப வந்த தண்ணி காப்பி டிகாக்‌ஷன் கலர். அந்த ப்ரீதர் டியூப்ப நீட்டி ஃபேனுக்கு அந்தாண்ட போற மாதிரி கட்டிட்டோம்.

அப்புறம் 35 அடி ஹீட்டர் ஓஸ். அத மாத்துறது பெரிய வேலையே இல்ல, பழைய ஓஸோட முனையில புது ஓஸ ஒரு மரக்குச்சி செருகி சேத்து டேப் சுத்தி முன்னால இருந்து இழுங்க, ஒருத்தர் பின்னாடி தள்ளணும். ஆனா டேங்க் மேல, வயர் கட்டுகளுக்கு நடுவுல எல்லாம் கிளிப் அடிச்சு வச்சிருப்பாங்க, அத முதல்ல கழட்டுங்க, இல்லன்னா எங்கள மாதிரி பாதில சிக்கி பேசாம ஒருநாள் இருப்பீங்க. சுடுதண்ணி ஹீட்டருக்கு எஞ்சின்ல இருந்து ஒரு லூப் போகுதான்னும் பாருங்க, அத எல்லாரும் மறந்துடுவாங்க.

முக்கியமா, ஏர் சஸ்பென்ஷன் வண்டி! பையில காத்து இறங்கினா மொத்த வண்டியும் உங்க மேல உக்காரும். லெவலிங் ஜாக்க நம்பி உள்ள போகாதீங்க, சேசிஸ் ஃப்ரேமுக்கு கீழ ஸ்டாண்ட் வச்சிட்டுதான் படுக்கணும். இப்படி செத்தவங்க இருக்காங்க, பயமுறுத்தறதுக்கு சொல்லல.

டல்லாஸ்_நாடோடி:

அக்கா ரொம்ப நன்றி, ஸ்டாண்ட் நாலு ஆர்டர் போட்டுட்டேன். நாமக்கல் அண்ணே, கூலன்ட் எது ஊத்தணும்? இப்ப உள்ள இருக்குறது சிவப்பா இருக்கு, கடைல சிவப்பு கேட்டு வாங்கிட்டா சரிதானே?

நாமக்கல்_ஸ்பேனர்:

கலரப் பாத்து வாங்காதீங்க தம்பி. கலருங்கறது கம்பெனிக்கு கம்பெனி மாறுமுங்க, டீசல் எஞ்சினுக்குன்னு டப்பால என்ன எழுதிருக்குன்னு பாக்கோணும். உங்க 8.3-ல வெட் லைனருங்க, அதாவது பிஸ்டன் ஓடுற தனிக் குழாய், அந்த லைனர் வெளிப்பக்கத்துலயே தண்ணி நிக்கும். பிஸ்டன் அடிக்கிற அதிர்வுல தண்ணில குமிழி கிளம்பி வெடிச்சு வெடிச்சு லைனர்ல ஊசிக்குத்து மாதிரி ஓட்டை போட்டுரும், ஒருநாள் ஆயிலோட தண்ணி கலந்துரும். அத தடுக்கத்தான் கூலன்ட்ல மருந்து சேக்குறது. சின்ன 5.9 எஞ்சின்ல லைனரே கிடையாது, பிளாக்லயே போர், அதுக்கு இந்த பயம் இல்ல. நீங்க காருக்கு ஊத்துற கூலன்ட்ட மட்டும் ஊத்திராதீங்க.

ஸ்காபரோ_ட்ரக்கன்:

முன்னாள் சொந்தக்காரர் என்னத்தை ஊத்தினவர் எண்டு தெரியாட்டில் முழுக்க வடிச்சு, டிஸ்டில்ட் தண்ணி விட்டு ஓடவிட்டு, வடிக்கிறது தெளிவா வருமட்டும் கழுவுங்கோ, பிறகு ஒரே வகை ஈஎல்சி, அதாவது நெடுங்காலம் தாங்கிற கூலன்ட். குழாய்த்தண்ணி வேண்டாம், உப்பு படியும். கழுவின தண்ணி கொஞ்சம் எப்பவும் உள்ளுக்க நிண்டுடும், அதால பாதிக்குப் பாதி தண்ணி கலந்து விக்கிற கூலன்டை விடாமல் மொத்தக் கொள்ளளவில பாதிக்கு கலக்காத கூலன்டை முதல் விட்டிட்டு மிச்சத்துக்கு டிஸ்டில்ட் தண்ணி விடுங்கோ, கணக்கு சரியா வரும். வடிச்சதை ட்ரேயில விட்டிட்டு உள்ளுக்க போகாதேங்கோ, இனிப்பெண்டு நாய் நக்கினால் சிறுநீரகம் போய்ச் செத்துப்போகும்.

கீழ் ஓஸைக் கழட்டேக்க உள்ளுக்க கம்பிச் சுருள் இருக்கோ பாருங்கோ. அது பம்பு உறிஞ்சிற பக்கம், கம்பி உக்கிப்போனால் ஏத்தத்தில ஆர்பிஎம் கூடேக்க ஓஸ் சப்பையாகி ஒட்டிக்கொள்ளும், நிப்பாட்டினால் பழையபடி வந்திடும், ஒருத்தருக்கும் தெரியாது. புதுசும் கம்பி வைச்சதாப் போடுங்கோ.

டல்லாஸ்_நாடோடி:

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். வேலை முடிஞ்சுது. நாமக்கல் அண்ணே, பந்தயத்துல நீங்க ஜெயிச்சுட்டீங்க. மேல் ஓஸ உரிச்சு எடுத்தா பைப்பு முனைல அப்படியே நீங்க சொன்ன அம்மைத்தழும்பு, உப்புத்தாள் போட்டு தேய்ச்சப்ப ஒரு குழில என் நகமே உள்ள போச்சு, ஓஸோட உள்பக்கம் அதே இடத்துல பச்சையா பொருக்கு தட்டிப்போய் ஒரு சின்ன வாய்க்கால் மாதிரி ஓடியிருக்கு, சொட்டு வந்த பாதை அதுதான். மாத்தினவங்க யாரோ முன்னாடியே ஒரு தடவ புது ஓஸ் போட்டிருக்காங்க போல, கிளாம்பு ரெண்டு அடுத்தடுத்து இறுக்கி வச்சிருந்தாங்க பாவம். எக்ஸாஸ்ட் வேலை பண்ற ஒரு சின்னக் கடைல பழைய பைப்ப கொடுத்து அதே வளைவுல ஸ்டெயின்லெஸ்ல புதுசு, முனைல ஓஸ் நழுவாம இருக்க மேடு உருட்டி, ரெண்டு பைப்பு 260 டாலர். ஓஸ், கிளாம்பு, கூலன்ட் எல்லாம் சேத்து 900 சொச்சம் ஆச்சு.

ஃபேன் பக்கம் அக்கா சொன்ன மாதிரியே, விரல் கனத்துக்கு கறுப்பு கம்பளி. கீழ் ஓஸ்ல கம்பி இருந்துச்சு, தொட்டதும் நாலு துண்டா கையோட வந்துச்சு.

கேலன் கணக்குல ஒண்ணு. 15 கேலன் புடிக்கும்னு போட்டிருந்துச்சு, பதினொண்ணு ஊத்தினதுமே நிரம்பிடுச்சு. காத்து அடைச்சிருக்குன்னு புரிஞ்சு டாஷ் ஹீட்டர ஃபுல் சூட்டுல வச்சு, எஞ்சின் மேல இருக்குற காத்துக்குழாய லூஸ் பண்ணி மெதுவா ஊத்தினேன், கொப்புளிச்சு கொப்புளிச்சு இன்னொரு ரெண்டரை போச்சு, மிச்சம் ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து முழுக்க ஆறினப்புறம் எடுத்துக்கிச்சு. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி கைப்பம்பு டெஸ்டர் வாடகைக்கு எடுத்து மூடி வாய்ல மாட்டி 15 பிஎஸ்ஐ ஏத்தி அரை மணி நேரம் விட்டேன், முள்ளு அசையல.

சக்கரக்காரி_ஃப்ரெஸ்னோ:

சூப்பர் தம்பி! அடுத்த மூணு நாள் காலைல எஞ்சினுக்கு கீழ ஒரு அட்டைப்பெட்டிய விரிச்சு வைங்க, கிளாம்ப ஒரு தடவ ஆறினப்புறம் திரும்ப செக் பண்ணுங்க, புது ஓஸ் கொஞ்சம் அமுங்கும்.

டல்லாஸ்_நாடோடி:

வச்சேன் அக்கா. முதல் நாள் காஞ்சிருந்துச்சு, ரெண்டாவது நாளும் காஞ்சிருந்துச்சு. இன்னைக்கு காலைல நடுவுல ஒரே ஒரு சொட்டு, எனக்கு நெஞ்சு நின்னுபோச்சு, மண்டிபோட்டு மோந்து பாத்தேன். ஜிலேபி வாசனை இல்ல. டீசல்.

அதுக்கு தனித் திரி போடுறேன்.