வன்னி வெக்கையிலயும் மாரியிலயும் கெக்கோ தொட்டி: எந்தச் செடி, எவ்வளவு ஈரப்பதன்?

மல்லாவியான்
வளர்ந்த லெப்பர்ட் கெக்கோ (வீட்டில வளர்க்கிற ஒரு பல்லியினம்) ஒண்டு. 90×45×45 சென்ரிமீற்றர் கண்ணாடித் தொட்டி, மேல வலைமூடி. வீடு தகரக் கூரை. சோழகம் அடிக்கேக்க பகல் ஈரப்பதன் 45 வீதம் காட்டுது, வாடை தொடங்கினால் 85க்கு மேல போகுது. கால்விரல் நுனியில பழைய சட்டை (உரிஞ்ச தோல்) ஒட்டி நிக்குது. ஒரு நாளைக்கு ரெண்டு தரம் தண்ணி தெளிக்கச் சொல்லினம், சரியோ? உயிர்ச் செடியும் வைக்க விருப்பம். வளவில மருள், கற்றாழை, மணி பிளான்ற், அலரி, முள்ளுப் பால்கள்ளி நிக்குது.

குளக்கட்டு
தெளிக்கிறதை முதல்ல நிப்பாட்டுங்கோ. இது பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வடமேற்கு இந்தியா பக்கத்து வறண்ட கல்லுத் தரையில வாழுற உயிர். தொட்டிக்கு 30–40 போதும், 45 ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் அது பகலில பதுங்கிற பொந்துக்குள்ள ஈரம் இருக்கும். உங்கட தொட்டியில இல்லாதது அந்தப் பொந்துதான்.

ஒரு லீற்றர் ஐஸ்கிறீம் பெட்டி எடுத்து, பக்கத்தில 5 சென்ரிமீற்றர் ஓட்டை வெட்டி, விளிம்பை மண்தாளால உரஞ்சி விடுங்கோ. உள்ளுக்கு சமையலறை ரிஷூவை நனைச்சு, சொட்டாத அளவுக்குப் பிழிஞ்சு போட்டு மூடுங்கோ. சூட்டுப் பக்கத்துக்கும் (ஹீற் மாற், அதாவது சூடாக்கிற தட்டு, இருக்கிற பக்கம்) நடுவுக்கும் இடையில வைச்சால் உள்ளுக்கு 70–80 நிக்கும். ரிஷூவை ரெண்டு நாளைக்கு ஒருக்கா மாத்தாட்டி பூஞ்சணம் பிடிக்கும்.

ஒட்டின சட்டைக்கு, 30 பாகை வெதுவெதுப்பான தண்ணியில வயிறு நனையிற அளவுக்கு 15 நிமிசம் விட்டு, ஈரப் பஞ்சுக்குச்சியால உருட்டி எடுங்கோ. இழுக்கக் கூடாது. அப்பிடியே விட்டால் அந்த வளையம் இறுகி, ரத்தம் ஓடாமல் விரலே விழுந்திடும்.

ஈரப்பத மீற்றரையும் நம்பாதேங்கோ, அதுவும் கண்ணாடியில ஒட்டுற முள்ளு மீற்றரை. போத்தல் மூடியில உப்புப் போட்டு, ஈர மணல் மாதிரி வரும்வரை சில துளி தண்ணி விட்டு, மீற்றரோட ஒரு சிப் பையில அடைச்சு ஒரு இரவு வையுங்கோ. 75 காட்டவேணும். 82 காட்டினால் எப்பவும் 7 கழிச்சு வாசியுங்கோ.

மாரியில 40க்கு இறக்கவே ஏலாது, அதுக்காகத் தலையை உடைக்கவும் தேவையில்லை. 27 பாகையில 85 ஆக இருக்கிற காத்து, 32 பாகைக்குச் சூடேறினால் கிட்டத்தட்ட 64 ஆகிடும். அதால சூட்டுப் பக்கத்தை 32இல பிடிச்சு வைச்சிருங்கோ. தண்ணிக் கிண்ணம் சின்னனாக, குளிர்ப் பக்கத்தில. வலைக்கு மேல பழைய கொம்பியூட்டர் 12 வோல்ற் ஃபான் ஒண்டு காத்தை வெளிய இழுக்கட்டும். மூக்கில குமிழி, வாயைத் திறந்து மூச்சு, வயித்தில சிவந்த புண் கண்டால் மிருக வைத்தியரிட்டக் கொண்டு போங்கோ. சோழகத்தில தகரத்துக்குக் கீழ அறை 34ஐத் தாண்டினால் ஹீற் மாற் வேலை செய்யவே கூடாது. தெர்மோஸ்டாற் (சூடு கூடினால் தானாய் நிப்பாட்டுற கருவி) இல்லாட்டி முதல்ல அதை வாங்குங்கோ.

செம்மண்காடு
செடிப் பக்கத்துக்கு வாறன். மருளும் கற்றாழையும் வையுங்கோ, தண்ணி குறைவாய்க் கேக்கும். மணி பிளான்ற் கெக்கோவுக்கு ஆபத்தில்லை, ஆனால் தண்ணி கூடக் கேக்கும், தொட்டி ஈரமாகும். குளிர் மூலையில ஒரு கொடிக்கு மேல வேண்டாம்.

அலரி, எருக்கலை, பால்கள்ளி மூண்டையும் கிட்டவும் கொண்டு வராதேங்கோ. கெக்கோ இலை தின்னாதெண்டு நினைச்சு ஏமாறக் கூடாது. நீங்கள் விடுற தீனிப் பூச்சி இலையைக் கடிக்கும், அந்தப் பூச்சியைக் கெக்கோ தின்னும். நேர்சரிச் செடிக்கும் இதே கணக்குத்தான். இமிடாகுளோபிரிட் மாதிரிப் பூச்சி மருந்து இலைக்குள்ளயே கிடக்கும், கழுவினாலும் போகாது. வேர்மண்ணை முழுக்க உதறி, வெள்ளைப் பேர்லைற்றையும் (சாடி மண்ணில கலக்கிற பாரமில்லாத வெள்ளை மணி) உர மணியையும் பொறுக்கி எறிஞ்சு, வெறும் மண்ணில நட்டு குறைஞ்சது ஆறு கிழமை வெளிய விடுங்கோ. மிளகாய்த் தோட்ட வேலியோரம் பிடுங்கின செடி வேண்டவே வேண்டாம், விசிறின மருந்து காத்தில வந்து படிஞ்சிருக்கும்.

தரைக்கு, உரம் படாத செம்மண் ஏழு பங்கு, கழுவின ஆத்து மணல் மூண்டு பங்கு. அரிச்சு, வெயிலில காயவிட்டு, 8–10 சென்ரிமீற்றர் போடுங்கோ. முல்லைத்தீவுக் கடற்கரை மணல் உப்பு, ஆகாது. செடியைச் சாடியோடயே புதையுங்கோ. தண்ணி சாடிக்குள்ள மட்டும் போகும், மிச்ச மண் காய்ஞ்சு கிடக்கும். பாரக் கல்லை மண்ணுக்கு மேல வைக்காமல் கண்ணாடித் தரையில இருத்திப்போட்டு மண்ணை நிரப்புங்கோ. தோண்டேக்க கல் சரிஞ்சால் கெக்கோ நசிஞ்சு போகும்.

ஒட்டுசுட்டான் இளையவன்
கிரெஸ்டட் கெக்கோ வன்னிக்குச் சரிவருமோ? அதுக்கு ஈரம் பிடிக்கும்தானே?

குளக்கட்டு
ஈரம் பொருந்தும் தம்பி, சூடு பொருந்தாது. பசிபிக் கடல் தீவான நியூ கலிடோனியாவில இருந்து வந்தது. 22–26 பாகை வேணும், 28க்கு மேல தொடர்ந்து நிண்டால் வாடிப்போகும். ஏசி அறையும், கரண்ட் போனால் பிடிக்க ஜெனரேற்றரும் இருந்தால் மட்டும் யோசியுங்கோ. அதுக்குப் பதிலாய்க் காட்டுப் பல்லியைப் பிடிச்சு வளர்க்கிற யோசனையும் வேண்டாம், எங்கட நாட்டுப் பல்லியினங்களில பெரும்பாலானதுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கு.

செம்மண்காடு
இன்னொண்டு. எங்கட கிணத்துத் தண்ணியில சுண்ணாம்பு கூட, இலையிலயும் கண்ணாடியிலயும் வெள்ளை படியும். இலை துடைக்க ஆர்.ஓ. தண்ணி அல்லது பிடிச்சு வைச்ச மழைத்தண்ணி பாவியுங்கோ. படிஞ்சது போக வினாகிரியும் தண்ணியும் சரிபாதி கலந்து துடைக்கலாம், கெக்கோவை வெளிய எடுத்துப்போட்டு.