சீரியல் மானிட்டரில் கொட்டும் 'குப்பை': தமிழில் என்ன சொல்லலாம்?

மண்டபத்திலிருந்து:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பிள்ளைகள் இஎஸ்பி8266 என்ற சில்லு வைத்த மின்னணுப் பலகையில் காற்றுவேகமானி செய்கிறார்கள். கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மின்சாரம் கொடுத்ததும், பலகை அனுப்பும் எழுத்துகளைக் கணினித் திரையில் காட்டும் சீரியல் மானிட்டரில் கேள்விக்குறியும் கட்டமுமாகக் கொட்டுகிறது. அப்புறம் 'காற்று 14' என்று ஒழுங்காக வருகிறது. முதலில் கொட்டுவதற்கு என்ன பெயர் வைக்கலாம்? பிள்ளைகள் 'குப்பை' என்கிறார்கள்.

தொண்டியிலிருந்து:
சிதைவுரை. இதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை.

கீழக்கரையிலிருந்து:
எதுவும் சிதையவில்லையே ஐயா! அந்தச் சில்லு தனக்குத் தாளம் கொடுக்கும் படிகம் 40 மெகாஹெர்ட்ஸ் என்று நினைத்து 115200 பாட் ரேட்டுக்கு, அதாவது நொடிக்கு 115200 பிட் அனுப்பும் வேகத்துக்கு, கணக்குப் போடுகிறது. பலகையில் இருப்பதோ 26. 115200-ஐ 26-ஆல் பெருக்கி 40-ஆல் வகுங்கள்: 74880. மானிட்டரை அந்த வேகத்தில் வைத்தால் அதே 'குப்பை' அட்சரம் பிசகாமல் வாசிக்கக் கிடைக்கும். சொன்னவன் சரியாகத்தான் சொன்னான், கேட்டவன் காதில்தான் கோளாறு. 'உளறல்' என்றும் தயவுசெய்து வேண்டாம்.

தொண்டியிலிருந்து:
அப்படியானால் தொல்காப்பியரிடம் போவோம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. கல்லை நீட்டி அளந்தால் கால். இதுவும் அதேதான்: மாத்திரைப் பிழை. பாட் ரேட்டையும் 'மாத்திரை வீதம்' என்றே சொல்லலாம். 'கண்ணிமை நொடியென' என்கிறாரே, அந்த நொடி விரல் நொடிப்பு. நாம் அதைக் கடிகார முள்ளில் கொண்டுபோய்க் கட்டினோம். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

கீழக்கரையிலிருந்து:
115200-இல் ஒரு பிட்டுக்கு 8.7 மைக்ரோநொடி. ஒரு கண்ணிமைப்பில் ஆயிரக்கணக்கில் போய்விடும். பாட் என்பதும் எமில் போதோ என்ற பிரெஞ்சுத் தந்திப் பொறியாளரின் பெயரிலிருந்து வந்தது. ஆள் பெயரைப் பெயர்க்க வேண்டுமா?

மண்டபத்திலிருந்து:
ஐயா, இன்று வகுப்பில் 'மாத்திரைப் பிழை' என்று சொல்லிப் பார்த்தேன். "சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா டீச்சர்?" என்றாள் ஒருத்தி. வகுப்பு அதோடு முடிந்தது.

பாம்பனிலிருந்து:
படகு வயர்லெஸ்ஸில் பேச்சு புரியாவிட்டால் 'குளறுது' என்போம். குளறல் போதாதா டீச்சர்?

தொண்டியிலிருந்து:
குழறல் தம்பி, ழகரம். அக்கரையில் யாழ்ப்பாணத்தாரைக் கேளுங்கள், குளறுவது என்றால் கதறி அழுவது. பலகை அழுகிறதா?

பாம்பனிலிருந்து:
'குளறுபடி'க்கு எல்லோரும் ளகரம்தானே ஐயா போடுகிறோம்?

கீழக்கரையிலிருந்து:
ளவோ ழவோ, குளறுவது வாய்தான். காது குளறுமா?

மண்டபத்திலிருந்து:
கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொல்வது நியாயம்தான், ஆனால் நாளை வெள்ளி. 'குளறல்' என்று போட்டு, கீழே 'மானிட்டர் வேகத்தை 74880 ஆக்கிப் பார்' என்றும் சேர்த்துவிட்டேன்.

தொண்டியிலிருந்து:
மெய்ப்பு வந்தால் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். ஒரு எழுத்துத்தான் மாற்ற வேண்டும்.