நாலு த்ரெட் சேர்த்த பிறகு புரோகிராம் இன்னும் மெதுவாகிவிட்டது

தலவாக்கலைப் பையன்:
வணக்கம். தேயிலைக் கொழுந்து நிறுவைக் கணக்கைக் கூட்டும் ஒரு சி பிளஸ் பிளஸ் புரோகிராம் எழுதியிருக்கிறேன், கம்பஸ் புரொஜெக்ட். சோதிக்க 2 கோடிக்குச் சற்று அதிகமான வரிகளில் ஒரு கோப்பை நானே செய்துகொண்டேன். ஒரு த்ரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் வேலைத் தொடர்) கோப்பை வாசித்து வரி வரியாகக் கியூவில், அதாவது காத்திருப்பு வரிசையில், போடும். நாலு த்ரெட் எடுத்துக் கூட்டும். கியூவுக்கு ஒரே மியூட்டெக்ஸ், அதாவது ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் லொக். ஒவ்வொரு வரிக்கும் நோட்டிஃபை ஓல், காத்திருக்கும் எல்லா த்ரெட்டையும் எழுப்பும் அழைப்பு. எல்லாவற்றையும் ஒரே த்ரெட்டில் ஓட்டினால் 9 செக்கன், இப்படிப் பிரித்தால் 21! லொக் இல்லாத கியூ எழுதிப் பார்க்கவா?

ஹட்டன் குளிர்:
எழுதுங்கள். மைக்கேல், ஸ்கொட் என்ற கணினி ஆய்வாளர்கள் 1996இல் வெளியிட்ட, லொக் இல்லாத கியூ முறை இருக்கிறதே.

பண்டாரவளை அக்கா:
அவசரப்படாதீங்க தம்பி. அந்த முறையிலேயே, எடுத்த நோடை (கியூவில் ஒரு பதிவை வைத்திருக்கும் பெட்டியை) எப்போது அழிப்பது என்பது பெரிய தலைவலி. அழித்த முகவரியிலேயே புது நோட் வந்து உட்கார்ந்தால், எதுவும் மாறவில்லை என்று த்ரெட் ஏமாந்துவிடும். நான் ஒருமுறை மாட்டிக்கொண்டு ஒரு வாரம் தூங்கவில்லை.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தை நினைத்துப் பாருங்கள். ஒரே தராசு, ஒரே கணக்கப்பிள்ளை. கொழுந்தை இலை இலையாகக் கொண்டுவந்து நிறுத்தால் வரிசை நகருமா? நீங்கள் செய்வது அதுதான். ஒரு வரியைப் பிரிக்கும் நேரத்தை விட லொக்குக்குக் காத்திருக்கும் நேரம்தான் அதிகம். 500 வரியை ஒரு வெக்டரில் (நீளக்கூடிய பட்டியலில்) சேர்த்து, அந்த வெக்டரையே மூவ் செய்து (நகலெடுக்காமல் கைமாற்றி) கியூவில் போடுங்கள். கியூவில் போட மட்டும் 2 கோடி தடவைக்கு மேல் எடுத்த லொக் சுமார் 40,000 ஆகிவிடும்.

அப்புறம் அந்த நோட்டிஃபை ஓல். 500 வரி கொண்ட ஒரு மூட்டைக்கு நாலு த்ரெட்டையும் எழுப்பினால் மூன்று பேர் வெறுங்கையோடு திரும்பவும் தூங்கப் போவார்கள். மூட்டைக்கு, ஒருவரை மட்டும் எழுப்பும் ஒரு நோட்டிஃபை வன் போதும், அதையும் லொக்கை விட்ட பிறகு கூப்பிடுங்கள். வேலை முடிந்தது என்று சொல்லும்போது மட்டும் ஓல்.

கூட்டுத்தொகையை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

தலவாக்கலைப் பையன்:
நாலு இடமுள்ள ஒரே அரேயில் (அடுத்தடுத்த இடங்களின் வரிசையில்). ஆளுக்கு ஒன்று, அதனால் லொக் போடவில்லை அக்கா.

பண்டாரவளை அக்கா:
லொக் தேவையில்லைதான். ஆனால் கேஷ் வரி, அதாவது கோர் (செயலியின் ஒரு தனிப் பகுதி) ஒரே தடவையில் எடுத்து வைத்துக்கொள்ளும் நினைவகத் துண்டு, பெரும்பாலும் 64 பைட். உங்கள் நாலு எண்ணும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். ஒரு கோர் எழுதினால் மற்ற மூன்றின் பிரதியும் செல்லாததாகிவிடும். ஒவ்வொரு த்ரெட்டும் தன் லோக்கல் மாறியில் கூட்டி, கடைசியில் ஒரு தடவை மட்டும் அரேயில் எழுதுங்கள்.

தலவாக்கலைப் பையன்:
மழைக்குக் கரண்ட் போய்விட்டது, அதுதான் தாமதம். இப்போது 3 செக்கன்! ஆனால் மொத்தத்தில் 137 வரி குறைகிறது. லொக்கில் எங்கோ ஓட்டையா?

ஹட்டன் குளிர்:
லொக் அல்ல தம்பி. கடைசி மூட்டை 500 ஆகவில்லை, அது உங்கள் கையிலேயே நிற்கிறது. கோப்பு முடிந்ததும் மிச்சத்தையும் கியூவில் போடுங்கள்.

தலவாக்கலைப் பையன்:
அதேதான் அண்ணா. இப்போது கணக்குச் சரி.