டேக்கிள் ஃபுட்பால் எந்த வயதில் ஆரம்பிக்கலாம்? (மகனுக்கு 9 வயது, டெக்சாஸ்)

கேட்டி வித்யா:

எல்லோருக்கும் வணக்கம். ஹூஸ்டன் பக்கம் கேட்டியில் இருக்கிறோம். மகன் இந்த ஃபாலில் நாலாம் வகுப்பு போகிறான். இதுவரை அமெரிக்க ஃபுட்பாலில் ஃப்ளாக் வகைதான் ஆடினான். இடுப்பில் தொங்கும் பட்டையை உருவினால் ஆட்டம் நின்றுவிடும், யாரும் யாரையும் தள்ளிவிடுவதில்லை, எனக்கும் நிம்மதி. இப்போது அவன் டீமில் பாதிப் பேர், ஆளையே பிடித்துக் கீழே தள்ளும் டேக்கிள் லீகுக்குப் போகிறார்கள். இவனும் போயே தீருவேன் என்கிறான். பதிவு இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. படிவத்தைக் கணவர் நிரப்பி வைத்துவிட்டார், என் கையெழுத்துதான் பாக்கி.

இந்த ஊர் எப்படி என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். பள்ளி மாவட்டத்துக்கு ஏற்கெனவே ஒரு ஸ்டேடியம் இருக்க, 2017இல் பக்கத்திலேயே 12,000 பேர் உட்காரும் இன்னொன்றைத் திறந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊரே அங்கேதான். பையனுக்கு ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கணவர் மதுரையில் காலேஜ் டீமுக்குக் கபடி ஆடியவர். "நாங்க படாத அடியா, விழுந்து எழுந்தாத்தான் பையன் தேறுவான்" என்கிறார். அவர் சொல்வதையும் தள்ள முடியவில்லை. ஆனால் தலையில் அடிபடுவதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. நல்ல ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தால் போதுமா? இப்போது விடாவிட்டால் பின்னால் மற்ற பையன்களோடு ஈடுகொடுக்க முடியாமல் போகுமா? விடு, விடாதே என்று மட்டும் சொல்லாமல் காரணத்தோடு சொல்லுங்கள், ப்ளீஸ்.

பியர்லாந்து செந்தில்:

என் மகன் எட்டு வயதில் டேக்கிள் ஆரம்பித்தான், இப்போது ஆறாம் வகுப்பு. ஒருமுறை விரல் பிசகியது, அவ்வளவுதான். முன்பு வீட்டில் நாலு தடவை கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான். இப்போது கோச் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் ஷூ கட்டிக்கொண்டு காரில் உட்கார்ந்திருக்கிறான். அவன் டீமில் எல்லா நிறத்துப் பையன்களும் உண்டு. தோற்றால் சேர்ந்து அழுகிறார்கள், ஜெயித்தால் சேர்ந்து கத்துகிறார்கள். கணக்கு டியூஷனில் இதெல்லாம் கிடைக்காது.

இன்னொன்றும் யோசியுங்கள். எட்டு வயதுப் பையன்கள் மோதிக்கொள்ளும்போது வேகமும் கிடையாது, எடையும் கிடையாது. எப்படி விழுவது, எப்படிப் பிடிப்பது என்று அப்போதே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். ஏழாம் வகுப்பில் மீசை முளைத்த பையன் எதிரே ஓடிவரும்போது முதல்முதலாக டேக்கிள் கற்றுக்கொள்வது எனக்கு அதைவிட ஆபத்தாகப் படுகிறது. வித்யா, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் டிராம்போலின், சைக்கிள், ஸ்கேட்போர்டு எல்லாவற்றிலும்தான் அடிபடுகிறது.

டாலஸ் ரேவதி:

வித்யா, நான் டாலஸ் பக்கம் பிஸியோதெரபிஸ்ட். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் பள்ளிப் பிள்ளைகள். என் மகன் பதினொன்றாம் வகுப்பு, லைன்பேக்கராக, அதாவது தடுத்து டேக்கிள் செய்யும் இடத்தில் ஆடுகிறான். அதனால் ஃபுட்பாலே கூடாது என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை, அவன் மேட்சுக்கு முதல் ஆளாகப் போய் உட்காருகிறவள். ஆனால் அவன் முதன்முதலில் தோள்கவசம் மாட்டி டேக்கிள் ஆடியது ஏழாம் வகுப்பில்தான். உங்களுக்கும் அதையே சொல்வேன்: அதுவரை ஃப்ளாக்கே ஆடட்டும்.

கன்கஷன், அதாவது அடிபட்டு மூளை குலுங்கும் காயம், வருமா வராதா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். யாரும் கன்கஷன் என்று சொல்லாத சின்னச் சின்ன இடிகள்தான் எனக்கு அதைவிடக் கவலை. வலிக்காது, மயக்கம் வராது, பையன் எழுந்து மறுபடி வரிசைக்கு ஓடிவிடுவான். அதுவே சீசன் முழுக்கச் சேர்ந்துகொண்டே போகும். அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி 2021இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 6 முதல் 14 வயது வரையிலான 524 பிள்ளைகளின் மவுத்கார்டில் (பல்லுக்கு மாட்டும் உறை) சென்சார் வைத்து எண்ணினார்கள். ஒரு சீசனில் டேக்கிள் ஆடும் பிள்ளையின் தலையில் விழும் இடியின் இடைநிலை அளவு 378. ஃப்ளாக் ஆடும் பிள்ளைக்கு 8. பலமான இடிகளை மட்டும் எடுத்தாலும், ஒரு பயிற்சிக்கோ ஆட்டத்துக்கோ டேக்கிளில் 23 மடங்கு அதிகம். செந்தில், டிராம்போலினில் அடிபடும்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு சீசனில் முந்நூறு தடவை தலை இடிபடுவதை எந்த அம்மாவும் விடமாட்டாள்.

ஹெல்மெட் கட்டாயம் வேண்டும், மண்டை ஓடு உடையாமல் அது காப்பாற்றும். ஆனால் மூளை உள்ளே திரவத்தில் மிதக்கிறது. தலை சட்டென்று நின்றாலோ திரும்பினாலோ அது உள்ளுக்குள் குலுங்கும், வெளியே எவ்வளவு தடிமனாக மாட்டினாலும் அந்தக் குலுக்கல் முழுசாக நிற்காது. அதிலும் ஒன்பது வயதில் தலை கிட்டத்தட்ட பெரியவர்கள் அளவுக்கு வந்துவிடும், கழுத்துத் தசை மட்டும் இன்னும் வந்திருக்காது. ஹெல்மெட்டும் மாட்டிவிட்டால் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைதான். சின்ன பையன்களுக்கு வேகம் இல்லை என்று செந்தில் சொன்னது சரி. இடியைத் தாங்கும் கழுத்தும் இல்லையே.

சி.டி.ஈ என்னும் மூளைத் தேய்வு நோய் பற்றிப் படித்திருப்பீர்கள். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆன் மெக்கீ குழு 2017இல் 111 முன்னாள் என்.எஃப்.எல் (அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பால் லீக்) வீரர்களின் மூளையைப் பார்த்ததில் 110 பேருக்கு அது இருந்தது. இந்த எண்ணைப் பார்த்து அலறவேண்டாம். ஏதோ சரியில்லை என்று சந்தேகப்பட்ட குடும்பங்கள்தான் பெரும்பாலும் மூளையைத் தானம் செய்கின்றன, அதனால் ஆடுகிற எல்லோருக்கும் வரும் என்று அர்த்தமில்லை. என்னை முடிவெடுக்க வைத்தது அவர்களுடைய 2019 ஆய்வு. 266 ஆட்டக்காரர்களில், கூடுதலாக ஆடிய ஒவ்வொரு வருடத்துக்கும் சி.டி.ஈ இருக்கும் வாய்ப்பு 30 சதவீதம் ஏறியது. அதற்கு முந்தைய வருடம் அதே குழு வெளியிட்டதில், 12 வயதுக்கு முன் ஆரம்பித்தவர்களுக்கு நோயின் அறிகுறிகள் சுமார் 13 வருடம் முன்னதாகவே தலைகாட்டியிருந்தன. மூளைக்குள் இருந்த சேதம் மட்டும், முன்னால் ஆரம்பித்தவர்களுக்கும் பின்னால் ஆரம்பித்தவர்களுக்கும் ஒரே மாதிரிதான். அதனால் பன்னிரண்டை ஒரு லட்சுமணக் கோடாக நான் வைத்துக்கொள்ளவில்லை. வருடங்களைத்தான் எண்ணுகிறேன். நாலாம் வகுப்பில் ஆரம்பித்தால் பன்னிரண்டாம் வகுப்பு முடிய ஒன்பது சீசன். ஏழாம் வகுப்பில் என்றால் ஆறு. அந்த மூன்று சீசனைப் பையன் கேட்காமலேயே நாம் மிச்சப்படுத்திக் கொடுக்கலாம்.

ஏன் ஏழாம் வகுப்பு? டெக்சாஸில் பள்ளி டீம் ஆரம்பிப்பதே அப்போதுதான். பள்ளிப் போட்டிகளை நடத்தும் மாநில அமைப்பான யூ.ஐ.எல்லின் விதிகள், சம்பளம் வாங்கும் கோச், அடிபட்டால் டாக்டர் எழுதிக் கொடுக்காமல் திரும்ப இறக்கக்கூடாது என்ற மாநிலச் சட்டம் எல்லாம் அங்கே உண்டு. வார இறுதி லீகில் கோச்சாக நிற்பவர் பெரும்பாலும் ஒரு பையனின் அப்பா. நல்ல மனிதராகவே இருப்பார், ஆனால் அடிபட்ட பிள்ளையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் பயிற்சி அவருக்கு இருக்கவேண்டும் என்பதில்லை. அடிபட்டபின் மூளை தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய பையன்களிடம் மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வோம்: டிசம்பர், நவம்பர், அக்டோபர். சின்னவர்களுக்குக் கிழமைகள். ஒரு குட்டிப் பையன், "நல்லாத்தான் இருக்கேன், விடுங்க" என்று என்னிடம் அடம்பிடித்தான். ஞாயிறு, சனி, வெள்ளி வரை வந்தான். அப்புறம் மறுபடி சனி. திரும்ப ஞாயிறு. கண்ணில் தண்ணீர் தளும்ப அம்மாவைப் பார்த்தான். மைதானத்தில் அவன் அதன் பிறகும் கால் மணி நேரம் ஆடியிருக்கிறான்.

பின்தங்கிவிடுவானோ என்ற கவலை வேண்டாம். என்.எஃப்.எல் நட்சத்திரம் டாம் பிரேடி டேக்கிள் ஆட ஆரம்பித்தது ஹைஸ்கூலில்தான். ஜெர்ரி ரைஸும் அப்படியே. ஆர்ச்சி மேனிங் தானே என்.எஃப்.எல் குவாட்டர்பேக்காக இருந்தவர், அவரே தன் மகன்கள் பேய்டனையும் ஈலையையும் ஏழாம் வகுப்புக்கு முன் டேக்கிளுக்கு விடவில்லை. அந்த வீட்டுக்குத் தெரியாத ஃபுட்பாலா? பந்தைப் பிடிப்பது, ரூட் ஓடுவது, எதிராளி இடுப்பைப் பார்த்து நகர்வது எல்லாம் ஃப்ளாகிலேயே வந்துவிடும்.

உங்கள் வீட்டுக்காரரிடம் ஒன்று சொல்லுங்கள். கபடியில் தொடையையும் கணுக்காலையும்தான் குறிவைக்கிறார்கள், ஒரு ரெய்டுக்கு ஒருவர்தான் வருகிறார். ஃபுட்பாலில் லைனில் நிற்கிற பிள்ளைக்கு ஒவ்வொரு ஆட்டமும் எதிராளியோடு முட்டலில்தான் ஆரம்பம். பந்து எந்தப் பக்கம் போனாலும் அவனுக்கு இடி உண்டு. குழந்தைகள் லீக் நடத்தும் பாப் வார்னர் அமைப்பே 2016இல் மிகச் சின்ன பிரிவுகளுக்குக் கிக்ஆஃபை (பந்தை உதைத்து ஆரம்பிப்பதை) எடுத்துவிட்டது. 2019இல் கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நிற்கும் நிலையையும் எடுத்துவிட்டது, எழும்பும்போது தலைதான் முன்னால் போகிறது என்பதால்.

சான் ஹோசே பாலா:

எங்கள் பக்கத்து நிலவரத்தைச் சொல்கிறேன். கலிஃபோர்னியாவில் 12 வயதுக்குக் கீழே டேக்கிளே கூடாது என்று ஒரு மசோதா வந்தது. 2024 ஜனவரியில் கவர்னர் நியூசம் அதில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டார், பெற்றோர்கள் முடிவு செய்யட்டும் என்று. ஆனால் 2021 முதல் இங்கே ஒரு சட்டம் இருக்கிறது: குழந்தைகள் லீகில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் முழு மோதல் பயிற்சி, ஒரு நாளைக்கு 30 நிமிடத்துக்கு மேல் கூடாது. சேர்ப்பதாகவே முடிவு செய்தாலும் உங்கள் லீகிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் வேண்டாம்.

என் மகள் ஃப்ளாக் ஆடுகிறாள். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள், பெண்கள் இரண்டு பிரிவிலும் ஃப்ளாக் இருக்கிறது. டேக்கிளுக்கு முன்னால் ஏறும் படி என்று மட்டும் அதை நினைக்காதீர்கள், அதுவே தனி ஆட்டம்.

பியர்லாந்து செந்தில்:

ரேவதி அக்கா, 378 என்ற எண்ணை நான் இதுவரை பார்த்ததில்லை. யோசிக்கவேண்டிய விஷயம்தான். ஆனால் என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. பன்னிரண்டு வயதில் ஒன்றும் தெரியாமல் இறங்குகிற பையனுக்கு ஆபத்து கூடாதா?

டாலஸ் ரேவதி:

கூடும், ஒன்றும் தெரியாமல் இறங்கினால். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015 அறிக்கையில் இதே கவலையைச் சொல்லியிருக்கிறது. தள்ளிப்போடுவதானால் மோதாமலேயே உத்தியைக் கற்றுக்கொடுங்கள் என்று சொன்னதற்கு அதுதான் காரணம். தலையை ஒதுக்கித் தோளால் பிடிப்பதை மெத்தை உருளையை வைத்தே பழகலாம். ஆளை ஆள் இடிக்கத் தேவையில்லை. டார்ட்மவுத் கல்லூரி கோச் பட்டி டீவன்ஸ் 2010இலேயே பயிற்சியில் வீரர்கள் ஒருவரையொருவர் டேக்கிள் செய்வதை நிறுத்தினார். பொம்மைகளை வைத்தே பழகிய அந்த டீம் ஐவி லீக் என்னும் கல்லூரி லீகின் பட்டமும் ஜெயித்தது. இருபது வயதுக்காரர்களுக்கே அது போதுமென்றால் நம் பிள்ளைகளுக்குப் போதாதா? என் மகனை ஆறாம் வகுப்பு கோடையில் இப்படித்தான் தயார் செய்தோம், கூடவே கழுத்துப் பயிற்சியும்.

உங்கள் மகன் ஏற்கெனவே ஆடுகிறான், அவனை நிறுத்தச் சொல்லமாட்டேன். ஒருநாள் மட்டும் பயிற்சியைக் கடைசி வரை நின்று பாருங்கள். ஹெல்மெட் புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே இருக்கவேண்டும், அதைப் பிடித்துத் திருப்பினால் நெற்றித் தோலும் கூட நகரவேண்டும். இரண்டு பையன்களை எதிரெதிரே நிறுத்தி மற்றவர்கள் சுற்றி நின்று கத்த, ஓடவிட்டு மோதவைக்கிறார்களா? அதற்கு ஓக்லஹோமா டிரில் என்று பெயர். என்.எஃப்.எல் டீம்களே அதை 2019இல் கைவிட்டுவிட்டன. அதைப் பார்த்தால் அன்றைக்கே வேறு டீம் தேடுங்கள்.

கேட்டி வித்யா:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி கணவருக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். ஒன்பது சீசன், ஆறு சீசன் என்ற இடத்தில் இன்னொரு தடவை வாசி என்றார். ஏழாம் வகுப்பு வரை ஃப்ளாக் என்று முடிவு செய்துவிட்டோம். மகன் கோபமாக இருக்கிறான், சரியாகப் பேசவில்லை. அவனுடைய பழைய டீம் பாதியாகக் கலைந்துவிட்டதுதான் இப்போது பிரச்சினை. கேட்டி, சுகர்லாந்து பக்கம் பத்து வயதுக்காரர்களுக்கு நல்ல ஃப்ளாக் டீம் யாருக்காவது தெரியுமா? கொஞ்சம் மும்முரமாக, டோர்னமென்ட் எல்லாம் போகிற டீமாக இருந்தால் நல்லது. வெறும் விளையாட்டுக்கு என்றால் போகமாட்டான்.

பியர்லாந்து செந்தில்:

என் சின்னவனுக்கு ஏழு வயது, அவனுக்காக அப்படி ஒரு டீமைத்தான் விசாரித்து வைத்திருக்கிறேன். பத்து வயதுப் பிரிவும் இருக்கிறது, வாரம் இரண்டு நாள் பயிற்சி. தனிச் செய்தியில் கோச் நம்பர் அனுப்புகிறேன், ட்ரை-அவுட் அடுத்த சனிக்கிழமை.