துலூஸில் தங்கிச் சுற்றுப்புறத்து நடுக்காலக் கோட்டைகளைப் பார்ப்பது எப்படி?

கேள்வி: ஏற்காட்டிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகள் பிரான்சின் தென்பகுதியில் உள்ள துலூஸ் நகரில் வேலை பார்க்கிறாள். காப்பிப் பழம் பறிப்பு பிப்ரவரியோடு முடிந்து, பூப்பதற்கான கோடை மழையும் பெய்துவிட்டால் தோட்டத்தில் எங்களுக்குச் சற்று ஓய்வு கிடைக்கும் என்பதால், வரும் மே மாதம் நானும் கணவரும் அவளிடம் சென்று சில வாரம் தங்க இருக்கிறோம்.

சங்ககிரி, நாமக்கல், ஆத்தூர் கோட்டைகளைச் சிறு வயது முதல் பார்த்து வளர்ந்தவள் நான். செஞ்சிக் கோட்டை 1750 முதல் 1761 வரை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது என்று படித்ததிலிருந்து, அவர்கள் தங்கள் நாட்டில் எப்படிப்பட்ட கோட்டைகளைக் கட்டினார்கள் என்று நேரில் பார்க்கும் ஆவல் இருந்துவருகிறது. ஆனால் பயண நிறுவனங்கள் காட்டும் படங்களில் எல்லாம் லுவார் ஆற்றங்கரை மாளிகைகளே வருகின்றன. தோட்டமும் பளிங்குப் படிக்கட்டும் எனக்கு வேண்டாம். போருக்காகக் கட்டிய மதிலும் காவல் கோபுரமும்தான் வேண்டும். மகளிடம் கார் இல்லை. கணவருக்கு மூட்டு வலி உண்டு. சமதளத்தில் நெடுநேரம் நடப்பார், செங்குத்தான படிகள் ஏற மாட்டார். இந்த நிலையில் எந்தெந்த இடங்களைத் தேர்ந்தெடுக்கலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: அஸ்தம்பட்டியிலிருந்து

வணக்கம் அம்மா. நான் துலூஸில் மேற்படிப்பு படித்தவன். உங்கள் விருப்பத்துக்கு அதைவிடப் பொருத்தமான தங்குமிடம் பிரான்சில் அமைவது அரிது. காரே இல்லாமல், அந்த நகரத்து ரயில் நிலையத்திலிருந்து மூன்று உண்மையான கோட்டைகளைத் தனித்தனி நாளில் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பலாம்.

முதலில் ஃபுவா. பிரனே மலைகளை நோக்கிச் செல்லும் ரயிலில் ஏறினால் ஒன்றேகால் மணி நேர அளவில் அடையலாம். ஊருக்கு நடுவே எழும் பாறையின் உச்சியில் இரண்டு சதுரக் கோபுரங்களும் ஒரு வட்டக் கோபுரமும் நிற்கும்; வட்டக் கோபுரம் 15ஆம் நூற்றாண்டில் சேர்க்கப்பட்டது. நாமக்கல்லில் பேருந்தை விட்டு இறங்கியதும் கோட்டைப் பாறை கண்ணில் படுவதைப் போல, இங்கும் எங்கு நின்றாலும் கோபுரங்கள் தெரியும். மேலே ஏறும் பாதை செங்குத்தானது. ஐயா பாறையடியில் உள்ள அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்; நீங்களும் மகளும் ஏறிவரலாம்.

இரண்டாவது கார்கஸோன். ரயிலில் ஒரு மணி நேரப் பயணம். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மதில்கள், 52 கோபுரங்கள். மதிலுக்குள் இருக்கும் ஊரில் நுழையக் கட்டணம் கிடையாது. உள்ளே உள்ள பிரபுவின் கோட்டைக்கும் மதில் மேல் நடப்பதற்கும்தான் சீட்டு வாங்க வேண்டும். மே 1 அன்று அந்தக் கோட்டை மூடியிருக்கும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது நஜாக். நான் மிகவும் விரும்புவது இதுதான். அவேரோன் ஆறு வளைந்தோடும் ஒரு குன்றின் முதுகில் ஒரே தெருவாக நீளும் கிராமம், அதன் ஒரு முனையில் கோட்டை. அரசர் ஒன்பதாம் லூயியின் தம்பி அல்ஃபோன்ஸ் 1253இல் இதைக் கட்டத் தொடங்கினார். உள்ளூர் மக்கள் அரசருக்கு எதிராகக் கிளம்பிவிடக் கூடாது என்பதும் அதன் நோக்கம். ஆகவே இந்தக் கோட்டை வெளிப் பகைவரை மட்டுமல்லாமல் தன் காலடியில் உள்ள ஊரையும் கண்காணித்தபடி நிற்கிறது. வட்டக் கோபுரத்தின் அம்பெய்யும் துளைகள் 6.8 மீட்டர் உயரம் உள்ளவை. ஒரே துளையில் வெவ்வேறு மட்டத்தில் மூன்று வில்லாளிகள் நின்று அம்பு விடலாம். ரயில் நிலையம் பள்ளத்தாக்கில் இருப்பதால் ஊருக்கே நல்ல ஏற்றம் ஏற வேண்டும். கணவரை இங்கு அழைத்துச் செல்ல வேண்டாம் என்பது என் கருத்து. ரயில்களும் குறைவு, திரும்பும் நேரத்தை முன்பே பார்த்து வையுங்கள்.

பதில்: சங்ககிரியிலிருந்து

நான் ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர். இந்தப் பகுதிக் கோட்டைகளை என் மகன் குடும்பத்துடன் பார்த்திருக்கிறேன். எங்கே போவது என்பதை மேலே உள்ள நண்பர் நன்றாகச் சொல்லிவிட்டார்; அங்கே போய் எதைப் பார்ப்பது என்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் கோபுரத்தின் வடிவத்தைப் பாருங்கள். பழைய கோபுரங்கள் சதுரமானவை. முற்றுகையிடுபவர் மூலைக்குக் கீழே சுரங்கம் தோண்டி, மரத்தூண்களால் அதைத் தாங்கவைத்து, பிறகு தூண்களுக்குத் தீ வைப்பார்கள். தாங்கல் எரிந்ததும் மூலை சரியும். மூலையே இல்லாத வட்டக் கோபுரத்தில் இது கடினம், மேலிருந்து பார்ப்பவனின் கண்ணுக்கு மறைவான இடமும் குறைவு. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரசர் இரண்டாம் பிலிப் வட்டக் கோபுரங்களைத் தம் நாடெங்கும் பரப்பினார்.

அடுத்து, மதிலின் மேற்பகுதியில் வரிசையாகத் தெரியும் சதுரக் குழிகளைத் தேடுங்கள். போர்க்காலத்தில் அவற்றில் உத்திரங்களைச் செருகி, சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரத் தாழ்வாரம் அமைத்து, அதன் தரைத் துளைகள் வழியே சுவரடியில் நிற்பவர் மீது கல்லைப் போட்டார்கள். மரம் தீப்பிடிக்கும் என்பதால் பிற்காலத்தில் அதையே கல்லில் கட்டினார்கள். கார்கஸோனின் உட்கோட்டையில் அந்த மரத் தாழ்வாரத்தை மீண்டும் கட்டிக் காட்டியிருக்கிறார்கள். அதை ஒருமுறை பார்த்துவிட்டால் மற்றக் கோட்டைகளின் வெறும் குழிகளும் உங்களுக்குப் பொருள் தரும்.

பீரங்கி வந்த பிறகு நடந்த மாற்றத்தைப் பார்க்க விரும்பினால் பொனாகில் கோட்டைக்குப் போக வேண்டும். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெரெஞ்ஜே த ரொக்கஃபய் என்ற பிரபு அதைப் பீரங்கித் துளைகளோடு விரிவாக்கினார். நடுக்கோபுரம் கப்பலின் முன்முனை போலக் கூர்மையாக இருக்கும். இத்தனை பாடுபட்டுக் கட்டியும் அதை யாரும் முற்றுகையிடவே இல்லை. சங்ககிரியில் மலைச்சரிவும் பாறையுமே பாதி மதிலாக இருக்கின்றன. பொனாகிலில் மனிதன் கணக்குப் போட்டு எழுப்பிய சுவரே முழுப் பொறுப்பையும் ஏற்கிறது. அங்கே போகக் கார் அவசியம்.

பதில்: ஆத்தூரிலிருந்து

ஓரிரு நாள் கார் வாடகைக்கு எடுக்க முடிந்தால் தோர்தோஞ் பள்ளத்தாக்கை விட்டுவிடாதீர்கள். ஆற்றின் ஒரு கரையில் பெய்னாக் கோட்டை, எதிர்ப்புறத்தில் காஸ்டெல்நோ கோட்டை. 14, 15ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடந்த நூறாண்டுப் போரில் ஒன்று பிரெஞ்சு அரசர் பக்கமும் மற்றொன்று பெரும்பாலும் ஆங்கிலேயர் பக்கமும் நின்று, ஒன்றை ஒன்று கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருந்தன. காஸ்டெல்நோவில் இப்போது நடுக்காலப் போர்முறை அருங்காட்சியகம் உள்ளது. கல்லெறி பொறிகளை முழு அளவில் செய்து வைத்திருக்கிறார்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதியைச் சேலம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலேயே பெற்றுக்கொள்ளுங்கள். அங்கே சாலையின் வலப்புறம் ஓட்ட வேண்டும் என்பதைத் தவிர, ஏற்காடு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டிப் பழகியவர்களுக்கு அந்தச் சாலைகள் அச்சம் தராது.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்னும் ஒரு ஐயம். கார்கஸோனின் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டில் புதிதாகக் கட்டப்பட்டது என்றும், அசலைப் பார்க்க வேண்டுமானால் மோன்செகூர் போன்ற இடிபாடுகளுக்கே போக வேண்டும் என்றும் மகளின் தோழி சொல்கிறார். அது சரிதானா?

பதில்: அஸ்தம்பட்டியிலிருந்து

பாதிதான் சரி, அம்மா. 1244 மார்ச்சில் மோன்செகூர் சரணடைந்தபோது, தங்கள் சமயத்தைக் கைவிட மறுத்த ‘கத்தார்’ என்ற கிறித்தவப் பிரிவினர் (கத்தார் நாட்டுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை) இருநூறுக்கும் மேற்பட்டோர் எரித்துக் கொல்லப்பட்டனர். ஆனால் இன்று மலையுச்சியில் நாம் காணும் சுவர்கள் அவர்கள் வாழ்ந்த கோட்டையைச் சேர்ந்தவை அல்ல. வென்றவர்கள் பின்னர் கட்டியவை. இடிந்து கிடப்பதாலேயே ஒன்று அசலாகிவிடாது.

கார்கஸோனோ 1850ஐ ஒட்டி இடிக்கப்பட இருந்தது. உள்ளூர் வரலாற்றறிஞர் க்ரோ மேரெவியேல், எழுத்தாளர் மெரிமே முதலியோர் போராடிக் காப்பாற்றினர். 1853 முதல் கட்டடக் கலைஞர் வியோலே ல த்யூக் அதைச் சீரமைத்தார். வட பிரான்சுக்கு உரிய கூம்பு வடிவக் கற்பலகைக் கூரைகளைத் தென்னாட்டில் வைத்தார் என்று அவரைக் குறை கூறுவோர் உண்டு, அதில் நியாயமும் உண்டு. என்றாலும் கூரையையும் மதிலின் மேல்விளிம்பையும் விட்டுவிட்டுக் கீழே பாருங்கள். சிறு கற்களுக்கிடையே செங்கல் வரிசை ஓடினால் அது ரோமானியர் காலத்தின் இறுதியில் எழுந்த சுவர். முகப்பு புடைத்த பெரிய கற்கள் தெரிந்தால் அது 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, மூன்றாம் பிலிப் அரசரின் காலம். ஒரே சுவரில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இடங்களும் உண்டு.

இதற்குச் சீட்டும் வேண்டாம், படியும் ஏற வேண்டாம். இரண்டு மதில்களுக்கும் நடுவே உள்ள வெளி முழுவதும் நடக்கத் திறந்திருக்கும், பெரும்பாலும் சமதளம். கணவரை அங்கே அழைத்துச் செல்லுங்கள். பயணிகள் கூட்டம் சேருமுன் காலையிலேயே போய்விடுவது நல்லது. ரயில் நிலையம் கீழ் ஊரில் இருப்பதால், பழைய பாலத்தைத் தாண்டியதும் வரும் ஏற்றத்துக்கு மட்டும் அவருக்கு வாடகைக் கார் பிடித்துக்கொள்ளுங்கள்.